சாட்சியத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் வேண்டும்

2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, திருகோணமலைக் கடற்கரையில் காந்தி சிலைக்கு அருகே ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் வைத்திருந்த கைக்குண்டு வெடித்தே இறந்தார்கள் என்று முதலில் சொல்லப்பட்டது. அந்தக் கதை நெடுநாள் நிலைக்கவில்லை. பத்திரிகையாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் பிணவறையில் எடுத்த படங்கள் சூட்டுக் காயங்களைக் காட்டின. மருத்துவப் பரிசோதனையும் அதையே சொன்னது. அதே மாதம் 24ஆம் திகதி சுகிர்தராஜனும் சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர் கொலைகள் தொடர்பாக 2013இல் விசேட அதிரடிப்படையினர் உள்ளிட்ட 13 பேர் கைதானார்கள். 2019 ஜூலை 3ஆம் திகதி, போதிய சாட்சியம் இல்லை என்று திருகோணமலை நீதவான் நீதிமன்றம் அவர்கள் அனைவரையும் விடுவித்தது. ஒரு புகைப்படமும் ஒரு மருத்துவ அறிக்கையும் பொய்யை உடைக்கப் போதுமாயின. ஆனால் 13 ஆண்டுகள் கடந்தும் ஒரு வழக்கை நிலைநிறுத்தச் சாட்சியம் போதவில்லை. இடையில் என்ன நடந்தது, எங்கே எது தொலைந்தது என்பதை ஒழுங்காகப் படித்துச் சொல்லும் ஒரு கல்வி இந்த மாவட்டத்திற்கு வேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் குற்றவியலையும் குற்றவியல் நீதியையும் தமிழில் ஒரு பட்டக் கற்கைநெறியாகத் தொடங்க வேண்டும் என்று நாம் கேட்பது இதனால்தான்.

கோணேசபுரியில் இருக்கும் அந்த வளாகத்தில் தொடர்பாடலும் வணிகமும், பிரயோக விஞ்ஞானமும், சித்த மருத்துவமும் கற்பிக்கப்படுகின்றன. குற்றவியல் படிக்க விரும்பும் அன்புவழிபுரத்துப் பிள்ளை கொழும்புப் பக்கம் போகட்டும், ஸ்ரீ ஜயவர்த்தனபுர பல்கலைக்கழகத்தில் அந்தத் துறை இருக்கிறதே என்று சிலர் சொல்லக்கூடும். போகலாம், ஆனால் கேள்வி ஒரு பிள்ளையின் இடவசதியைப் பற்றியதல்ல. அரசியலமைப்பின்படி வடக்கு, கிழக்கு மாகாண நீதிமன்றங்களின் மொழி தமிழ். ஒரு வழக்கின் பயணமோ நீதிமன்றத்தில் தொடங்குவதில்லை, பொலிஸ் நிலையத்தின் முறைப்பாட்டுப் புத்தகத்தில் தொடங்குகிறது. அன்புவழிபுரத்திலிருந்தோ பாலையூற்றிலிருந்தோ முறையிடப் போகிறவர் தமிழில் சொல்ல, எழுதுபவர் சிங்களத்தில் எழுத, கீழே ஒப்பமிடுபவருக்குத் தன் பெயரில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று தெரியாமல் போவது இந்தப் பகுதிகளில் எவருக்கும் புதிய செய்தியல்ல. கற்றுக்கொண்ட பாடங்களுக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 2011இலேயே இதைக் கண்டு, பொலிஸ் நிலையங்களில் இருபத்து நான்கு மணிநேரமும் இருமொழி தெரிந்த அதிகாரிகள் இருக்க வேண்டும், முறையிடுபவர் தாம் விரும்பும் மொழியில் வாக்குமூலம் பதிவாகும் உரிமை பெற வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்த அதிகாரிகள் எங்கிருந்து வருவார்கள்? மொழி தெரிந்தால் மட்டும் போதாது. அச்சத்தோடு பேசுபவரின் வாக்குமூலத்தை எப்படிப் பெறுவது, தடயத்தை எப்படிக் கெடாமல் காப்பது, எந்தக் கேள்வி பதிலையே திரித்துவிடும் என்பதெல்லாம் கற்றுத்தான் வரும்.

நம் மாவட்டத்துக் குமாரபுரத்தை நினைத்துப் பாருங்கள். 1996 பெப்ரவரி 11ஆம் திகதி நடந்த அந்தப் படுகொலையில், பெண்களும் பிள்ளைகளும் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வழக்கு அநுராதபுரத்துக்கு மாற்றப்பட்டது. மாகாண எல்லையைத் தாண்டியதும் நீதிமன்றத்தின் மொழி சிங்களமாகிவிடுகிறது. தமிழ்ச் சாட்சியின் சொல் இன்னொருவர் வாய் வழியாகத்தான் யூரிமாரின் காதுக்குப் போகும். 2016 ஜூலையில் குற்றஞ்சாட்டப்பட்ட ஆறு இராணுவத்தினரும் விடுதலையானார்கள். இருபது ஆண்டுக்குப் பின் ஒருவர் கண்டதைச் சொல்லும்போது நினைவு எப்படித் தளர்கிறது, மொழிபெயர்ப்பில் எது உதிர்கிறது, இடமாற்றம் சாட்சியை எப்படிப் பாதிக்கிறது என்பவை அனைத்தும் குற்றவியல் நீதித் துறையின் மையமான ஆய்வுக் கேள்விகள். இவற்றுக்கான தரவுகள் நம் மாவட்டத்திலேயே குவிந்து கிடக்கின்றன. படிக்கத்தான் ஆளில்லை.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். குறைவது அறிவல்ல, அரசின் விருப்பம். ஆயிரம் பட்டதாரிகள் வந்தாலும் மேலிடம் நினைக்காவிட்டால் ஒரு வழக்கும் நகராது என்பார்கள். இதில் பெரும் உண்மை உண்டு, அதை மறைக்க நாம் முயலவில்லை. ஆனால் விருப்பமின்மையும் அறிவின்மையும் ஒன்றையொன்று வளர்த்தே வந்திருக்கின்றன. 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம், பொலிஸ் அதிகாரியிடம் அளித்த குற்ற ஒப்புதலை எதிராளிக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்கிறது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டமோ, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாதவரிடம் அளித்த ஒப்புதலைச் சாட்சியமாக ஏற்கிறது. ஒரு கையொப்பம் போதும் என்றானபின் தடயம் தேடும் உழைப்பு யாருக்கு வேண்டும்? பல தசாப்தங்களாகப் புலனாய்வு என்பதே ஒப்புதல் வாங்குவது என்று சுருங்கியதற்கு இந்த ஏற்பாடு ஒரு முக்கிய காரணம். அடித்து வாங்கிய வாக்குமூலம் ஏன் பொய்யாகிறது என்பதை ஆதாரத்தோடு நீதிமன்றத்தில் விளக்க வல்லவர்கள் நம்மிடையே பெருகினால், அதே சட்டத்தின் கீழும் வாதங்கள் வேறு விதமாக அமையும். 2019இல் மன்னார்ப் புதைகுழி எலும்புகளின் காலத்தைக் கணிக்க மாதிரிகள் அமெரிக்காவுக்குப் போயின. 2025இல் செம்மணிப் புதைகுழியில் 200க்கும் மேற்பட்ட என்புத்தொகுதிகள் வெளிப்பட்டன. தோண்டுவதும், பதிவதும், அடையாளம் காண்பதும், காணாமல் ஆக்கப்பட்டவரின் தாயிடம் அதைச் சொல்வதும் இன்னும் பல ஆண்டுகள் நீளப்போகும் வேலை. அரசியல் விருப்பம் ஒருநாள் வந்துவிட்டால், அன்றைக்கு அதைச் செய்யப் பயிற்சி பெற்றவர்கள் தயாராக இருக்க வேண்டும். அவர்களை ஒரே ஆண்டில் உருவாக்க முடியாது.

இன்னொரு அச்சம் வேறு வகையானது. இது பொலிஸுக்கு ஆள் சேர்க்கும் படிப்பாகிவிடாதா, கண்காணிப்புக்குப் புதிய கருவி கொடுப்பதாகாதா என்று கேட்பவர்களை நாம் மதிக்கிறோம். அந்த அச்சத்துக்கு வரலாறு உண்டு. பிரித்தானிய இந்தியா 1871இல் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், முழுச் சமூகங்களையே பிறப்பால் குற்றவாளிகள் என்று பதிவேட்டில் ஏற்றியது. அந்தப் பதிவையும் கைரேகை எடுப்பதையும் எதிர்த்த மதுரைப் பக்கத்துப் பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3இல் துப்பாக்கிச் சூடு நடந்தது. 16 பேர் மாண்டார்கள். குற்றத்தைப் பற்றிய அறிவு, கேள்வி கேட்பாரற்ற அதிகாரத்தின் கையில் மட்டும் இருந்தால் என்னவாகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தமிழர் வரலாற்றில் இல்லை. தமிழ் இளைஞன் என்ற ஒன்றே சந்தேகத்துக்குப் போதுமாயிருந்த ஆண்டுகளை அறிந்தவர்களுக்கு இது அந்நியமான கதையுமல்ல. அதனாலேயே அந்த அறிவு மக்கள் பக்கமும் வர வேண்டும். பாடத்திட்டம் பாதிக்கப்பட்டவரிலிருந்து தொடங்கட்டும். திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் குற்றவியல் துறை இந்த வழியில் பெயர் பெற்றது. அங்கே துணைவேந்தராகவும் இருந்த பேராசிரியர் கே. சொக்கலிங்கம் பாதிக்கப்பட்டோர் இயலை இந்தியாவில் வளர்த்தவர்களில் முதன்மையானவர். பாக்கு நீரிணைக்கு அப்பால் தமிழ் பேசும் ஆசிரியர்கள் இருக்கும்போது, கற்பிக்க ஆளில்லை என்று தொடங்கும் முன்பே கைவிரிக்கத் தேவையில்லை.

வேலைவாய்ப்பு பற்றிய கேள்வி நியாயமானது. 2017இல் கிழக்கின் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் வீதியில் அமர்ந்திருந்ததை இந்த ஊர் மறக்கவில்லை. ஆனால் சிறுவர் நன்னடத்தைச் சேவை, சமுதாயம் சார் சீர்திருத்தத் திணைக்களம், சிறைச்சாலைகளின் நலன்புரிப் பிரிவு, சட்ட உதவி, பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்குமான பாதுகாப்பு என்று இந்தத் துறை பட்டதாரிகளுக்குப் பொருந்தும் பணிகள் ஏற்கெனவே சட்டத்தால் உருவாக்கப்பட்டவை. 2015ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டமும், அதற்குப் பதிலாக வந்த 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டமும் சாட்சிகளைக் காக்க ஓர் அதிகாரசபைக்கு இடம் தந்திருக்கின்றன. சாட்சியோடு அவர் மொழியில் பேசத் தெரிந்தவர் இல்லாத அதிகாரசபை, கிழக்கில் பெயர்ப் பலகையாகவே நிற்கும். தண்டப்பணம் கட்ட வழியில்லாமல் சிறையில் கிடப்பவர்களுக்கு மாற்றுத் தண்டனை பரிந்துரைக்கவும், பிள்ளையொருவர் ஏன் வழிதவறினார் என்று நீதவானுக்கு அறிக்கை எழுதவும் பயின்றவர்களே தேவை. ஆட்சேர்ப்பு விதிகளில் இந்தப் பட்டத்தைத் தகைமையாகச் சேர்க்க மாகாண நிர்வாகமும் அமைச்சுகளும் முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த உறுதியில்லாமல் மாணவர்களை உள்ளே எடுப்பது அநீதி.

வளாகம் முதலில் ஒரு டிப்ளோமாவோடு தொடங்கலாம். சட்டத்தரணிகள், சட்ட வைத்திய அதிகாரிகள், நன்னடத்தை உத்தியோகத்தர்கள், ஓய்வுபெற்ற நீதிபதிகள் மாலை வேளைகளில் கற்பிக்கலாம். பட்டப்படிப்புக்கான பிரேரணையை மூதவை நிறைவேற்றிப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு அனுப்பட்டும். பயிற்சிக் காலம் நீதிமன்றத்திலும் சட்ட உதவி அலுவலகத்திலும் கழியட்டும். மூதூர், கிண்ணியா, சேருவில மாணவர்களும் ஒரே வகுப்பில் இருக்க வேண்டும். சிங்களம் இரண்டாம் மொழியாகக் கட்டாயமாகட்டும். அவர்கள் ஆராய வேண்டிய முதல் வழக்கு 2019 ஜூலை 3ஆம் திகதி இந்த நகரத்திலேயே முடிக்கப்பட்டது.