வீரத்துக்குக் கெடு விதிக்கும் சட்டம்

2005 அக்டோபர் 17 அன்று ஈராக்கின் சமாரா அருகே அமெரிக்கப் படையின் பிராட்லி கவச வாகனம் வெடிகுண்டில் சிக்கித் தீப்பற்றியது. எரிபொருளில் நனைந்த சீருடையுடன் சார்ஜென்ட் ஆல்வின் கேஷ் மீண்டும் மீண்டும் தீக்குள் சென்று சக வீரர்கள் ஆறு பேரை மீட்டார். உடலில் 72 விழுக்காடு தீக்காயங்களுடன் நவம்பர் 8 அன்று உயிரிழந்தார். அந்தக் கறுப்பின வீரருக்கு முதலில் வழங்கப்பட்டது வெள்ளி நட்சத்திரப் பதக்கமே. நாட்டின் மிக உயரிய கௌரவப் பதக்கம் 2021 டிசம்பர் 16 அன்றுதான் அவர் குடும்பத்தின் கைக்கு வந்தது.

இடையில் தடையாக நின்றது ஒரு காலக்கெடு. வீரச்செயல் நிகழ்ந்து ஐந்தாண்டுகளுக்குள் அப்பதக்கம் வழங்கப்பட வேண்டும் என்பது சட்டம். அக்கெடுவைக் கேஷ் ஒருவருக்காக மட்டும் தளர்த்தும் சட்டம் 2020 டிசம்பரில் நிறைவேறியது. குடும்பத்தாரும், முதல் பரிந்துரையை எழுதிய படைத்தளபதியும் ஆண்டுக்கணக்கில் போராடியதன் விளைவு அது.

இந்தத் தாமதத்துக்கு நிறமே காரணம் என நாம் கூற முற்படவில்லை. அவரது செயலின் முழு விவரமும் தளபதிக்குப் பின்னரே தெரியவந்தது. ஆயினும், எல்லோருக்கும் பொதுவான கெடு எல்லோரையும் ஒன்றுபோல் பாதிப்பதில்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கறுப்பின வீரர் ஒருவருக்கேனும் இப்பதக்கம் வழங்கப்படவில்லை. 1997இல் எழுவருக்கு வழங்கப்பட்டபோது உயிருடன் இருந்தவர் வெர்னான் பேக்கர் ஒருவரே. அதற்கும் நாடாளுமன்றம் காலக்கெடுவைத் தளர்த்த வேண்டியிருந்தது. தொடக்கத்திலேயே குறைத்து மதிப்பிடப்பட்டவர்களுக்குக் கெடு என்பது அந்த அநீதியின் மீது இடப்படும் முத்திரையாகிவிடுகிறது.

இந்த வரலாறு நமக்கு அந்நியமானதன்று. முதல் உலகப்போரில் ஆள் தேவைப்பட்டபோது, 1917இல், மகர்களுக்கென ஒரு படைப்பிரிவை அமைத்தது பிரிட்டிஷ் அரசு. போர் ஓய்ந்தபின், 1921இல், அதனைக் கலைத்தது. நெருக்கடியில் அழைத்து, அமைதியில் மறப்பதே அதிகாரத்தின் இயல்பு.

எனவே ஒருவருக்கான விதிவிலக்கு போதாது. முதல் உலகப்போரில் சிறுபான்மையின வீரர்களுக்கு வழங்கப்பட்ட விருதுகளை மொத்தமாக மறுஆய்வு செய்ய அமெரிக்க நாடாளுமன்றம் 2019இல் ஆணையிட்டது. அதுவே சரியான வழி. பழைய கோப்புகளைத் திறந்து பார்க்கும் கடமை அரசுடையது. இறந்தவரின் குடும்பம் வாயில்தோறும் சென்று மன்றாட வேண்டியதில்லை.