சந்தை இல்லாத ஞாயிற்றுக்கிழமை

''எங்களுக்கு 3 ஏக்கரில் முருங்கை இருக்கிறது. கணவருக்கு பனியன் கம்பெனியில் வேலை. ஊரடங்கால் வீட்டில் இருக்கிறார். 74 வயது மாமனார், ஞாயிறுதோறும் முருங்கைக்காய் சந்தைக்குப் போய் நாலு பேரிடம் பேசிவிட்டு வருவார். ஒரு மாதமாக அது இல்லை. திண்ணையில் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார், சாப்பாடும் குறைந்துவிட்டது. மகனோ எந்நேரமும் செல்போனும் கையுமாக இருக்கிறான். வீட்டில் இருப்பது ஒரே போன். என்ன செய்யலாம்?''

- வாசகி, வெள்ளகோவில்.

''முதலில் ஒரு விஷயம். இந்த நேரத்தில் வயதானவர் சாப்பாட்டைக் குறைத்தால், மனக்கவலை என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். காய்ச்சல், இருமல், அசதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். 104 என்ற எண்ணிலும் ஆலோசனை கேட்கலாம்.

உடம்பில் கோளாறு இல்லையென்றால், அவருக்குக் குறைந்திருப்பது பேச்சுத்துணைதான். 2021 ஜூன் 7-ம் தேதி முதல் தளர்வு என்று அறிவித்தபோதும் திருப்பூர் உட்பட 11 மாவட்டங்களுக்குப் பெரிய தளர்வு கிடைக்கவில்லை. அதனால் சந்தையை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டியதுதான்.

ஒரே போன் என்பதால் நேரம் பிரித்துக்கொள்ளுங்கள். பாடத்துக்குக் கல்வித் தொலைக்காட்சி இருக்கிறது. அந்த நேரத்தில் போன் சும்மா இருக்கும். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குக் கிளம்பும் நேரத்தில் போன் மாமனாருடையது. வழக்கமாகச் சந்திக்கும் ஆட்களுக்குப் பேரன் போன் போட்டுத் தரட்டும். 'உழவன்' செயலியில் அன்றைய விலையை அவன் படித்துச் சொல்லட்டும். முருங்கையில் புழு, பூ உதிர்வு என்று சந்தேகம் வந்தால், கிசான் அழைப்பு மையத்தின் 1800 180 1551 எண்ணுக்கு உங்கள் மாமனாரையே பேசச் சொல்லுங்கள். காலை 6 முதல் இரவு 10 மணி வரை தமிழில் பதில் சொல்வார்கள், கட்டணம் கிடையாது. பொறுப்பைக் கையில் கொடுத்தால் பெரியவர்களுக்குத் தெம்பு வரும்.

சாயங்காலம் தாயமோ, ஆடுபுலி ஆட்டமோ ஆடலாம். தரையில் சாக்பீஸால் கோடு போட்டால் போதும். ஆனால், பக்கத்து வீட்டாரைக் கூட்டாமல் வீட்டு ஆட்களோடு மட்டும் ஆடுங்கள்.

இரவில் கதை. உங்கள் ஊருக்கும் காங்கேயத்துக்கும் நடுவில் இருக்கும் ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்தவர், கனடாவின் மானுடவியல் ஆய்வாளர் பிரெண்டா பெக். 1965-ல், உடுக்கையடித்துப் பாடிய அண்ணன்மார் கதையை இரவு இரவாக ஒலிநாடாவில் பதிவு செய்தார். அந்தக் கதை புத்தகமாகவும், பிறகு கார்ட்டூன் தொடராகவும் வந்தது. நம் திண்ணைக் கதையைக் கேட்க அவர் கடல் கடந்து வந்தார். உங்கள் மகனுக்கு அந்தத் திண்ணை வீட்டு வாசலிலேயே இருக்கிறது.

'அப்பாரு, சொல்லுங்க' என்று அவன் போனில் பதிவு செய்யட்டும். பதிவு செய்ய நெட் செலவு கிடையாது. அண்ணன்மார் கதைதான் வேண்டும் என்பதில்லை. காங்கேயம் காளைக்குச் சுழி பார்ப்பது, கொறங்காட்டுக்குக் கிளுவை வேலி போடுவது, கொழுக்கட்டைப் புல் எப்போது விதைப்பது என்று அவருக்குத் தெரிந்ததையெல்லாம் கேட்கட்டும். பதிவை வெளியூரில் இருக்கும் சொந்தங்களுக்கு அனுப்பினால், அங்கிருந்து போன் வரும். பேச்சு தானாகத் தொடரும்.

மகன் கையில் இருக்கும் போனைப் பிடுங்க வேண்டாம். அப்பாருவின் பக்கம் திருப்பி வைத்தால் போதும்.''