டிரவுட்டுக்கு உள்ள கணக்கு உல்லத்துக்கு இல்லையா?

அரசலாறு காரைக்காலில் கடலைத் தொடுகிறது. அங்கே வரும் தண்ணீரில் ஒரு பங்கு நீலகிரியின் அவலாஞ்சி, எமரால்டு பகுதிகளில் பிறந்தது என்பதை உழவர்களில் பலர் எண்ணிப் பார்த்திருக்கமாட்டார்கள். அந்த மலை ஓடைகள் குந்தா ஆற்றில் சேர்ந்து, பவானியில் கலந்து, பவானிசாகர் அணையைத் தாண்டி, கூடுதுறையில் காவிரியோடு கூடுகின்றன. தலைப்பில் டிரவுட் மீன் வாழ்கிறது. கடைமடையில் கெண்டையும் கெளுத்தியும் மடவையும் வாழ்கின்றன. ஆனால் இரண்டு முனையிலும் மீனுக்குக் கிடைக்கும் மரியாதை ஒன்றாக இல்லை.

டிரவுட் இந்த மண்ணின் மீன் அன்று. 1860களில் பிரான்சிஸ் டே என்னும் ஆங்கிலேய மருத்துவர் அதை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்று தோற்றார். பிறகு சென்னை அரசின் மீன் வளர்ப்பு வல்லுநராக வந்த எச்.சி. வில்சன், 1907இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்தார். வானவில் டிரவுட் அங்கே நிலைத்துவிட்டது. தண்ணீர் சில்லென்று 20 டிகிரி செல்சியசுக்குள் இருந்தால்தான் அதற்குப் பிழைப்பு. நல்ல விலை போகிறதே, காரைக்கால் குளத்தில் விடலாமா என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். முதல் வெயிலிலேயே மிதந்துவிடும்.

இந்த மீனைப் பிடிக்கும் முறையும் தனி. தூண்டில் முள்ளில் மண்புழு கோப்பதில்லை. இறகையும் நூலையும் சுற்றி ஒரு பொய் ஈயைக் கட்டி, நீளக் கோலால் நீர்மேல் வீசுவார்கள். ஈ விழுந்தது என்று மீன் பாய்ந்து கவ்வும். இதற்கு உரிமச் சீட்டு வேண்டும். சிறு மீன் அகப்பட்டால் திரும்ப விட வேண்டும். சினைப் பருவத்தில் தொடக்கூடாது. நீலகிரிக்கென்று வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் 1879லேயே வந்துவிட்டது. துரைமார் பொழுதுபோக்குக்காக வந்த சட்டம்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் மீனுக்கு ஒரு கணக்கு வைத்தார்களே, அது சரியான காரியம்.

அமெரிக்காவில் அர்கன்சாஸ் மாநிலத்தின் ஒயிட் ஆற்றிலும் அதன் கிளையிலும் பெரிய அணைகள் கட்டினார்கள். அணையின் அடியாழத்திலிருந்து வந்த குளிர்ந்த தண்ணீரில் அந்த ஆற்றின் பழைய மீன்கள் நிற்கவில்லை. நட்டத்தை ஈடுசெய்ய, அரசே 1957இல் நார்போர்க் அணையருகே பொரிப்பகம் அமைத்து டிரவுட் குஞ்சுகளை விட்டது. இன்று அணைகளுக்குக் கீழே பொய் ஈத் தூண்டிலோடு ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள். பழைய மீன் திரும்பிவிடவில்லை என்பது உண்மை. ஆயினும் அணை கட்டியவர் மீனுக்கும் பொறுப்பு என்பது அங்கே ஒப்புக்கொள்ளப்பட்டது.

காவிரியில் அப்படி நடந்ததா? அவலாஞ்சியில் டிரவுட் வளர்த்த அதே வில்சன், 1909 வாக்கில் கொள்ளிடத்தில் உல்லம் மீனின் சினையைப் பொரிக்க வைக்கவும் முயன்றார். வங்காளத்தார் இலிசு என்று கொண்டாடும் மீன்தான் உல்லம். புதுவெள்ளம் கடலுக்கு வந்ததும் அது வெள்ளத்தை எதிர்த்து ஆற்றில் ஏறி முட்டையிடும். 1934இல் மேட்டூர் அணை வந்தது. புதுவெள்ளம் அணைக்குள் அடங்கியது. உல்லம் ஏறுவதும் அற்றுப்போயிற்று. அணையால் டெல்டா பிழைத்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் உல்லத்தின் இழப்பை எந்தக் கணக்கிலும் யாரும் எழுதவில்லை.

1991இல் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை காரைக்காலுக்கு 6 டி.எம்.சி. என்றது. 2007இன் இறுதித் தீர்ப்பில் அது 7 ஆயிற்று. 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை மாற்றவில்லை. சுற்றுச்சூழலுக்கென 10 டி.எம்.சி.யும், தவிர்க்கவியலாமல் கடலில் சேர்வதற்கு 4 டி.எம்.சி.யும் அதே தீர்ப்பில் தனியே ஒதுக்கப்பட்டுள்ளன. கடலுக்குப் போகும் தண்ணீரெல்லாம் வீண் என்று பேசும் உழவர் சங்கத்தார் இதைக் கவனிக்க வேண்டும். கடலில் பிறக்கும் கொடுவாக் குஞ்சும் மடவைக் குஞ்சும் முகத்துவாரம் திறந்திருந்து, நன்னீர் கலந்தால்தான் உள்ளே வரும். உப்பைத் தள்ளி நிறுத்துவதும் அந்தத் தண்ணீர்தான்.

பழியை எல்லாம் அணைமேல் போட்டுவிட முடியாது. ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் எதிர்த்து ஏறிவரும் மீன் கடைமடை ரெகுலேட்டரின் கீழே மடுவில் வந்து முட்டி நிற்கும். அங்கே கொசுவலையைக் கட்டிக் குஞ்சோடு அரிப்பவர் வெளியூர்க்காரர் மட்டுமல்லர். நஞ்சு கலந்து மீன் பிடிப்பது 1897ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி குற்றம். மருந்து தெளித்த கருவியை வாய்க்காலில் கழுவுவதைக் குற்றமென்று யாரும் நினைப்பதில்லை. விளைவு என்னவோ ஒன்றுதான். அதிலும் பைரித்திராய்டு வகை மருந்துகள் மீனுக்குக் கொடிய நஞ்சு. நெல்லில் புகையானைப் பெருக்கிவிடும் கெடுதலும் அவற்றுக்கு உண்டு.

டிரவுட் தேவையில்லை; டிரவுட்காரர்களின் ஒழுங்கு தேவை. மடுவில் கொசுவலை கூடாது என்று ஊர்ப் பஞ்சாயத்தே கட்டுப்பாடு செய்யலாம். வீச்சுவலைக்காரரின் பிழைப்பைக் கெடுக்க வேண்டியதில்லை. கண் பெரிதான வலையில் குஞ்சு தப்பிவிடும். பண்ணைக்குட்டை உள்ளவர்கள் ஏக்கருக்கு 2,000 முதல் 4,000 வரை கட்லா, ரோகு, மிர்கால் விரலளவுக் குஞ்சுகளை விட்டுக்கொள்ளலாம். இது தெரிந்த செய்திதான். ஆனால் குட்டை இல்லாத குறு உழவருக்கும் கூலிக்காரருக்கும் ஆற்று மீன்தான் குழம்பு. அதனால்தான் ஆற்றைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

வழக்கப்படி மேட்டூர் சனவரி 28இல் மூடப்படுகிறது. பிறகு கடைமடை ஆறுகள் வற்றும்போது குழிகளில் தங்கிய மீன் செத்துப் போகிறது. காரைக்காலுக்கு வரும் ஆறுகளின் மேல்பகுதி தமிழ்நாட்டின் பொறுப்பில் இருப்பதால், உழவர் சங்கங்கள் புதுவை அரசு வழியாகத்தான் கேட்க வேண்டும். கேட்பதும் பெரிய அளவன்று. ஷட்டர்களை ஒரே நாளில் இறக்காமல், மீன் இறங்கிப்போக இடம் கொடுத்து, ஒரு வார காலத்தில் படிப்படியாக இறக்க வேண்டும். ஒவ்வொரு ரெகுலேட்டரின் கீழும் உள்ள மடுவில் முழங்காலளவுத் தண்ணீராவது கோடையில் நிற்க வேண்டும்.