பெயர் வாங்கலையோ, பெயர்!

“நல்ல பெயர் வாங்கு” என்று பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லியே உபாத்தியாயர்களின் ஆயுள் கழிகிறது. பெயரைக் கைக்காசு கொடுத்து வாங்கி, லாபத்துக்கு விற்கவும் ஒரு காலம் வருமென்று நாங்கள் எதிர்பார்த்தோமில்லை.

இணையத்தில் கடை விரிப்பவனுக்கு ஒரு விலாசம் வேண்டும். அந்த விலாசப் பெயரைத்தான் டொமைன் என்கிறார்கள். முந்திக் கேட்டவனுக்கே பெயர். யோக்கியதை விசாரணை பெரும்பாலும் கிடையாது. 1995-ஆம் வருஷம் வரையில் இதற்குக் கட்டணமே இருந்ததில்லை. அவ்வருஷந்தான் ஆண்டுக்கு 50 டாலர் என்று விதித்தார்கள். நமது நாட்டின் ‘.இன்’ என்னும் முடிவு 2005-இல் எல்லோருக்கும் தாராளமாகத் திறந்துவிடப்பட்டது. இன்று சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் வரையில் செலுத்தினால், ஒரு பெயர் ஒரு வருஷத்துக்கு நம்முடையது. பிறருக்கு வேண்டியிருக்கும் பெயரை முன்கூட்டியே பிடித்து வைத்துப் பிறகு விற்பது ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது.

இத்தொழிலில் இரண்டு கட்சிகள் உண்டு. வந்த விலைக்குத் தள்ளிவிட்டு அடுத்ததைப் பார் என்பது ஒரு கட்சி. பத்து வருஷம் பொறுத்திரு, குபேரனாவாய் என்பது மற்றது. பொறுமைக் கட்சியார் எப்போதும் ‘பிஸினஸ்.காம்’ என்ற பெயரின் கதையைச் சொல்லுவார்கள். 1997-இல் அதை 1,50,000 டாலருக்கு ஒருவர் வாங்கினார். 1999-இல் 75 லட்சம் டாலருக்கு விற்றார். ஆனால் இடைப்பட்ட காலம் இரண்டே வருஷந்தான் என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. ‘வாய்ஸ்.காம்’ என்ற பெயர் 2019-இல் 3 கோடி டாலருக்கு விலைபோனது மெய்யே. அதை நெடுங்காலம் வைத்திருந்தது மைக்ரோஸ்ட்ராடஜி என்னும் பெரிய கம்பெனி. அதற்கு வேறு வியாபாரம் இருந்தது. பசியில்லாதவன் பந்தியில் காத்திருப்பதில் என்ன கஷ்டம்?

“இதுவும் நிலம் மாதிரிதான், ஸார்” என்றான், சிதம்பரத்திலுள்ள என் பழைய மாணாக்கன் ஒருவன். நாற்பது பெயர்கள் பதிந்து வைத்திருக்கிறான். நிலம் என்றதும் எனக்குக் கடலூர்ச் சரித்திரம் நினைவுக்கு வந்தது. 1690-இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கினார்கள். கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுமோ அவ்வளவும் கம்பெனிக்குச் சேரும் என்பது பேச்சு. நாலு பக்கமும் சுட்டார்கள். அகப்பட்ட கிராமங்களுக்குக் ‘குண்டு கிராமங்கள்’ என்றே பெயர் ஏற்பட்டது. நம் பிள்ளையும் அப்படியே சுட்டிருக்கிறான்: ஊர்ப் பெயர்கள், பண்டங்களின் பெயர்கள், ஊரும் பண்டமும் சேர்ந்த பெயர்கள். வித்தியாசம் ஒன்றுதான். கம்பெனியார் ஒரு தரம் சுட்டார்கள். இவன் வருஷா வருஷம் சுடவேண்டும்! பெயர் கிரயமல்ல, குத்தகை. பெயருக்கு ஆயிரம் வீதம் நாற்பது பெயர்களுக்கு வருஷம் 40,000. பத்து வருஷத்துக்கு நாலு லட்சம். அதில் பாதி அவன் தாயார் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம்.

நிலத்துக்கும் இதற்கும் இன்னொரு பேதம் உண்டு. பண்ருட்டி முந்திரி வியாபாரி ஒருவர் அவனுடைய பெயரொன்றுக்கு எண்ணாயிரம் ரூபாய் தருவதாகச் சொன்னார். இவன் லட்சம் கேட்டான். அவர் சண்டை போடவில்லை. நடுவில் ஒரு கோடு போட்டு, முடிவை மாற்றி, வேறொரு பெயரை எழுநூறு ரூபாய்க்கு வாங்கிக்கொண்டு போய்விட்டார். நிலத்தை ஆண்டவன் அளந்துதான் படைத்தான், ‘.காம்’ போனால் ‘.இன்’, அதுவும் போனால் தமிழெழுத்திலேயே ‘.இந்தியா’ என்று, பெயருக்கு முடிவுகள் பெருகிக்கொண்டே இருக்கின்றன. எழுத்துக்கூட்டும் நிலையானதல்ல. 2020 ஜூன் மாதம் சென்னை ஸர்க்கார் 1,018 ஊர்களின் இங்கிலீஷ் எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கிணங்க மாற்றி உத்தரவு போட்டு, அம்மாதமே வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். அந்தச் சில தினங்களில் எத்தனை பேருக்கு வயிற்றில் புளி கரைத்ததோ!

பிரபலக் கம்பெனிகளின் பெயரைப் பிடித்து வைப்பது காத்திருப்புமல்ல, வியாபாரமுமல்ல. வழக்கை விலைக்கு வாங்குவது. சென்னையைச் சேர்ந்த ஸத்யம் இன்ஃபோவே கம்பெனி, தன் ‘சிஃபி’ என்ற பெயரையொத்த ‘சிஃபிநெட்’ என்ற விலாசத்தை எதிர்த்து ஸுப்ரீம் கோர்ட் வரையில் சென்றது. டொமைன் பெயருக்கும் வியாபாரப் பெயருக்குரிய பாதுகாப்பு உண்டென்று 2004-இல் தீர்ப்பாயிற்று. 2024-இல் டில்லி வாலிபர் ஒருவர் ‘ஜியோஹாட்ஸ்டார்.காம்’ என்ற பெயரை வைத்துக்கொண்டு, தம்முடைய கேம்பிரிட்ஜ் படிப்புச் செலவை ரிலையன்ஸார் ஏற்கும்படி கேட்டார். கோரிக்கை பலிக்கவில்லை. பெயரை வேறொருவருக்கு விற்றுவிட்டு விலகினார். அந்த நிலையில் அதுவே புத்திசாலித்தனம் என்பேன்.

எல்லாவற்றையும் உடனே விற்றுவிடு என்பது என் கட்சியல்ல. கடை நடத்துகிறவன் தன் பெயரைப் பத்து வருஷத்துக்குச் சேர்த்தே கட்டி வைக்கலாம். அதற்கு விதியில் இடமுண்டு. எனக்குத் தெரிந்த ஒரு ஜவுளிக் கடைக்காரர் கெடுவை மறந்தார். ‘.காம்’ பெயர்களுக்குக் கெடு தாண்டியபின் சில வாரம் சலுகை உண்டு. பிறகு அதிகப் பணம் கட்டி மீட்க 30 நாள். அப்புறம் ஐந்தே நாளில் பெயர் பொதுவில் வந்து விழும். விழுவதை எதிர்பார்த்தே உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. அவர் பில்லிலும் பையிலும் அச்சிட்ட விலாசம் இப்போது யாரோ முகமறியாதவர் வசம் இருக்கிறது. உபயோகிக்கிறவன் விடாமல் வைத்திருக்க வேண்டும். உபயோகிக்காதவன் நியாயமான விலை கேட்டு ஆள் வந்த அன்றே கொடுத்துவிட வேண்டும்.

சிதம்பரத்துப் பிள்ளையிடம் இதைச் சொல்லி, நாற்பதையும் ஒரு காகிதத்தில் எழுதச் சொன்னேன். எந்தப் பெயருக்கு ஒரு தரமாவது யாராவது விலை விசாரித்ததுண்டு என்று கேட்டேன். எட்டின்மேல் கோடு போட்டான். மற்ற முப்பத்திரண்டுக்கும் தை மாதம் கெடு வருகிறது.