மரம் ஏறுவோரின் உயிருக்கு யார் பொறுப்பு?

புது தில்லி: பருவமழைக்கு முந்தைய ஏப்ரல், மே மாதங்களில் பெங்களூரில் சூறைக்காற்றுக்கு மரங்களும் பெருங்கிளைகளும் முறிந்து விழுவது ஆண்டுதோறும் வரும் செய்தி. உடனே ஆபத்தான கிளைகளை அகற்றுமாறு கோரிக்கைகள் எழுகின்றன. ஓசூர் சாலையை ஒட்டி, கட்டடங்களும் மின்கம்பிகளும் நெருங்கி நிற்கும் பொம்மனஹள்ளி போன்ற பகுதிகளில் இக்கோரிக்கை நியாயமானதே. ஆனால், மரத்தில் ஏறி அக்கிளையை வெட்டும் தொழிலாளியின் உயிருக்கு என்ன பாதுகாப்பு என்ற கேள்வியை எழுப்புவோர் அரிது.

பெருங்கிளையை மேலிருந்து ஒரே வெட்டாக வெட்டுவதுதான் பெரும் ஆபத்து. பாதி அறுபடும்போதே கிளை தன் எடையால் முறிந்து, அடிமரத்தின் பட்டையைக் கிழித்துக்கொண்டு கீழே சரியும். அடிமரத்தோடு தன்னைப் பிணைத்துக்கொண்டிருப்பவர் அதன் பாதையிலேயே இருப்பார்.

இதைத் தவிர்க்கும் வழி புதிதல்ல. அடிமரத்திலிருந்து சுமார் ஓர் அடி தள்ளி, முதலில் கிளையின் அடிப்புறத்தில் கால் பங்கு ஆழத்துக்கு அறுக்க வேண்டும். அதற்குச் சற்று வெளியே மேலிருந்து இரண்டாவது வெட்டு. கிளை பட்டையைக் கிழிக்காமல் விழும். எஞ்சிய குட்டைத் துண்டை, கிளை அடிமரத்தோடு சேருமிடத்தில் கழுத்துபோல் புடைத்திருக்கும் பகுதியைச் சேதப்படுத்தாமல் மூன்றாவதாக நீக்க வேண்டும். அப்பகுதியைச் சீவிவிட்டால் காயம் ஆறாமல் மரம் அழுகும் என்பதை அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி அலெக்ஸ் ஷிகோ பல்லாண்டு ஆய்வில் நிறுவினார். இன்று அழுகும் மரம் நாளை சாலையில் விழும்.

கீழே வீடோ மின்கம்பியோ இருந்தால், கிளையைக் கயிற்றில் கட்டிச் சிறு துண்டுகளாக இறக்க வேண்டும். வெட்டும்போது இரு இடங்களில் பிணைப்பு, தலைக்கவசம், கீழே ஆள் நடமாட்டத்துக்குத் தடை, மின்சாரம் துண்டிக்கப்பட்டதற்கான உறுதி ஆகியவை கட்டாயம். பச்சை மரம் மின்சாரத்தைக் கடத்தும் என்பதை மறக்கலாகாது.

சட்டங்களின் கவனமோ வேறிடத்தில் உள்ளது. கர்நாடகத்தின் 1976-ம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டம், மரத்தை வெட்ட யாரிடம் அனுமதி பெறுவது என்பதையே மையமாகக் கொண்டது. தில்லியிலும் இதே நிலைதான். 15.7 செ.மீ. சுற்றளவு வரையுள்ள கிளைகளை அனுமதியின்றிக் கவாத்து செய்யலாம் என்ற வழிகாட்டுதலை 2023-ல் தில்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. மரத்தின் நலனுக்கு அது நல்ல தீர்ப்பு. எனினும், அனுமதி கிடைத்த பிறகு ஏறுபவரின் நலன் அங்கும் பேசுபொருளாகவில்லை.

2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, ஆபத்தற்ற பணியிடத்தை அளிப்பது வேலை அளிப்பவரின் கடமை என்கிறது. ஆனால், பொதுவாகப் பத்துத் தொழிலாளர்களுக்குக் குறையாத நிறுவனங்களையே அது கணக்கில் கொள்கிறது. ஒப்பந்தத் தொழிலாளர் பிரிவுக்கோ ஐம்பது பேர் வரம்பு. ஐந்தாறு பேருடன் மரம் வெட்டச் செல்லும் சிறு ஒப்பந்தக் குழு இவ்வலையிலிருந்து எளிதில் நழுவிவிடும்.

சட்டத் திருத்தத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை. 2025 செப்டம்பரில் பெங்களூர் பெருநகர மாநகராட்சி ஐந்தாகப் பிரிக்கப்பட்டது. புதிய மாநகராட்சிகள் தமது மரக் கவாத்து ஒப்பந்தங்களிலேயே பயிற்சி, பாதுகாப்புக் கருவிகள், காப்பீடு, மூன்று வெட்டு முறை ஆகியவற்றை நிபந்தனைகளாகச் சேர்க்கலாம். மிகக் குறைந்த தொகை கேட்பவருக்கே பணி என்றால், முதலில் கைவிடப்படுவது கயிறும் தலைக்கவசமும்தான். அச்செலவைத் தனியாகக் கணக்கிட்டு அரசே ஏற்க வேண்டும்.

மரத்தைக் காக்கக் குரல் கொடுப்போரும், கிளையை அகற்றக் கோருவோரும் இந்த ஒரு கோரிக்கையிலாவது ஒன்றுபட வேண்டும். அடுத்த கோடைக் காற்றுக்கு முன் இதைச் செய்து முடிப்பது மாநகராட்சிகளின் கடமை.