கடைசிக் கைத்தண்ணீர்

தெஹிவளை – கல்கிசை மாநகர முதல்வர் அவர்களுக்கு,

ஒவ்வோர் ஆடி அமாவாசைக்கும் விடியப்புறம் எள்ளும் தர்ப்பையும் எடுத்துக்கொண்டு ஒழுங்கையால் இறங்கி, தண்டவாளத்தைத் தாண்டிக் கடற்கரைக்குப் போகிறவன் நான். அப்பாவுக்குத் தண்ணீர் இறைக்கப் போகிறேன். அந்தத் தண்டவாளத்தைப் பற்றியும் அதற்கு அப்பால் கிடக்கும் கற்களைப் பற்றியும் உங்களிடம் ஒரு வேண்டுகோள் இருக்கிறது.

எள்ளும் தண்ணீரும் கிடைக்காத உயிர் தாகத்தோடு அலையும் என்பது எங்கள் நம்பிக்கை. இதை இந்த ஊரில் நீட்டி விளக்கத் தேவையில்லை. சிங்கள அயலவர் வீட்டு மூன்றாம் மாதத் தானத்துக்கு நானும் போயிருக்கிறேன். பிக்குமார் ஓத, வீட்டார் எல்லோரும் ஒரே செம்பைத் தொட்டுப் பிடித்தபடி, கோப்பை நிரம்பி வழியும்வரை தண்ணீர் வார்ப்பார்கள். இறந்தவருக்குப் புண்ணியம் போய்ச் சேரட்டும் என்று. அவர்கள் செம்பால் வார்க்கிறார்கள், நாங்கள் கையால் இறைக்கிறோம்.

தாயை இழந்தவர்களுக்குச் சித்திரா பௌர்ணமி, தகப்பனை இழந்தவர்களுக்கு ஆடி அமாவாசை. பௌர்ணமி என்றால் போயா, நாட்டுக்கே விடுமுறை. அமாவாசைக்கு அது இல்லை. பிள்ளைகள் தர்ப்பணத்தை முடித்து, வீட்டுக்கு ஓடி, உடை மாற்றிக் கந்தோருக்குப் போகவேண்டும். ஆகவே எல்லோரும் ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில்தான் வருகிறார்கள். பாணந்துறை, மொறட்டுவைப் பக்கமிருந்து கோட்டைக்குப் போகும் அலுவலக ரயில்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதும் அதே நேரத்தில்தான். ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று. அலையின் இரைச்சலில் ரயில் வரும் சத்தம் கிட்ட வரும்வரை காதில் விழாது. தட்டத்தைப் பார்த்துக்கொண்டு நடக்கிற வயதானவருக்கு அது கடைசிவரை கேட்காது.

தண்டவாளத்தைத் தாண்டினால் அரிப்பைத் தடுக்கப் போட்ட கருங்கற்கள். கடந்த ஆடியில் ஒரு அம்மா அந்தக் கற்களின்மேல் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார். ஒரு கையில் வாழையிலையில் சுற்றிய பிண்டம், மறுகையில் மகனின் தோள். அவருடைய செருப்புகளை மகன் தன் வாயில் கவ்விக்கொண்டிருந்தான், இரண்டு கையும் தாயைப் பிடிக்க வேண்டியிருந்ததால். கீழே போனபின் முழங்கால் அளவு தண்ணீரில்கூட நிற்க முடியவில்லை, அலை இழுத்தது. கீரிமலையில் கேணி இருக்கிறது, படி இருக்கிறது. மட்டக்களப்பு மாமாங்கத்தில் தீர்த்தக் குளம் இருக்கிறது. எங்களுக்கு இந்தக் கடல் மட்டும்தான், அதுவும் வருடத்தில் அது மூர்க்கமாக இருக்கும் மாதத்தில்.

தர்ப்பணத்தின் முடிவில் ஐயர் ஒன்று சொல்வார்: “இனி, ஒருத்தரும் இல்லாத ஆக்களுக்கும் ஒருக்கா விடுங்கோ.” பிள்ளை இல்லாமல் போனவர்கள், கடன் கழிக்க ஆளில்லாதவர்கள், எங்கே எப்படிச் செத்தார்கள் என்றே தெரியாதவர்கள், எல்லோருக்குமான கைத்தண்ணீர் அது. 1983 ஆடியில் கொழும்பின் தெருக்களில் கொல்லப்பட்டு, சாம்பல்கூட வீட்டாருக்குக் கிடைக்காதவர்களை நினைத்து நான் அதை விடுவதுண்டு. 2025 இல் ஆடி அமாவாசை ஜூலை 24 இல் வந்தது. 1996 இல் அதே திகதி மாலையில், வேலை முடிந்து வீடு திரும்பியவர்களின் ரயிலில் குண்டுகள் வெடித்து 64 பேர் இறந்தது இந்தத் தெஹிவளை நிலையத்தில்தான். எங்கள் பெயரைச் சொல்லிப் போராடியவர்கள் வைத்த குண்டுகள் அவை. 2025 இன் அந்தக் காலையில் கடைசிக் கைத்தண்ணீரை அந்த 64 பேருக்கும் சேர்த்து விட்டேன். பக்கத்தில் நின்ற ஒருவர் நான் சொன்னதைக் கேட்டுத் தானும் ஒருமுறை அள்ளி விட்டார். பெயர் தெரியாதவர்களுக்கும் தண்ணீர் விடுகிற கரை இது. அங்கே போகிற கிழடுகள் காலை முறித்துக்கொள்ளாமல் திரும்பவேண்டாமா?

மண்டபம் கட்டித் தரும்படி கேட்கவில்லை. ஆடி அமாவாசையன்று காலை ஐந்தரை முதல் ஒன்பதுவரை கடவையில் கொடியும் விசிலுமாக ஒருவர் நிற்கப் புகையிரதத் திணைக்களத்துக்கு நீங்கள் எழுதவேண்டும். கற்களுக்கு நடுவே மண்மூட்டை அடுக்கி இறங்க ஒரு வழி, பிடித்துக்கொள்ள ஒரு கயிறு, இரண்டு உயிர்காப்பாளர்கள். கால்வாய் வந்து விழும் வாயிலிருந்து தள்ளி இடத்தைக் குறித்துத் தாருங்கள். அந்த அழுக்குத் தண்ணீரை அள்ளித் தகப்பனுக்குக் கொடுக்க மனம் வருவதில்லை. பெண்கள் ஈரச்சேலை மாற்ற ஒரு தட்டி மறைப்பும் வேண்டும். வாழையிலையையும் மாலையையும் கடலில் விடாமல் அள்ளிச் சேர்க்கும் வேலையை நாங்களே செய்வோம். ஒரு குப்பை லொறியை மட்டும் பத்து மணிக்கு அனுப்புங்கள்.

அடுத்த ஆடி அமாவாசை 2026 ஆகஸ்ட் 12. புதன்கிழமை, வேலைநாள். ஆறு மணிக்கு ஒருமுறை கடவைக்கு வாருங்கள்.

இப்படிக்கு,
தெஹிவளைவாசி ஒருவன்