புது லேப்டாப் ஏமாத்திடுச்சா? அடுத்த பில் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க



புது லேப்டாப் வாங்கின ரெண்டாவது வாரம் கொஞ்சம் மோசமான வாரம். அட்டைப் பெட்டி இன்னும் பரண் ஏறியிருக்காது, முதல் இஎம்ஐ கூட போயிருக்காது. ஆனா மனசுக்குள்ள அதுக்குள்ள ஒரு நச்சரிப்பு ஆரம்பிச்சிடும். ஃபேன் ரொம்ப சத்தம் போடுதே? பேட்டரி எட்டு மணி நேரம்னாங்க, நாலு மணி நேரத்துலயே சிவப்பு காட்டுதே? அதே மாடல் இப்ப நாலாயிரம் கம்மியா போட்டிருக்கானே?

இந்த நேரத்துல பெரும்பாலானவங்க ரெண்டுல ஒண்ணு செய்றாங்க. ஒண்ணு, "சரி, விடு"ன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துடுறது. இல்லைன்னா வந்த விலைக்குத் தள்ளிட்டு அதைவிடக் காஸ்ட்லியா இன்னொண்ணு வாங்குறது. ரெண்டுலயும் நஷ்டம் நமக்குத்தான். ஏமாற்றம்னு பொதுவா சொல்றோமே தவிர, அதுல மூணு தனித்தனி விஷயம் இருக்கு. மெஷின்ல பழுது, நம்ம வேலைக்குப் பொருந்தாத மெஷின், மெஷின் நல்லா இருந்தும் மனசு ஆறாத நிலை. எது உங்களோடதுன்னு பிரிச்சுப் பார்க்காம ஒரு ரூபாய் கூட செலவழிக்கக் கூடாதுங்கிறதுதான் என் கருத்து.

இதுக்கு ஒரு பின்னணி இருக்கு. இப்ப முப்பதை நெருங்குற பலருக்கு முதல் லேப்டாப், 2011-ல் ஆரம்பிச்ச தமிழக அரசோட விலையில்லா மடிக்கணினிதான். அது ஸ்லோவா இருந்தா கூட யாரும் கண்டுக்கலை. ஓசியில வந்தது, எதிர்பார்ப்பே இல்லை. அடுத்த லேப்டாப் சொந்தச் சம்பளத்துல. ராஜபாளையத்துல மில்லு ஷிப்ட் பார்த்து பிள்ளையைப் படிக்க வெச்ச வீட்டுல அறுபத்தஞ்சாயிரத்துக்கு ஒரு பொருள் வந்தா அது சாதாரண விஷயமா? வீடே சுத்தி நின்னு பார்க்கும். அதனாலதான், அது சரியில்லைன்னு தெரிஞ்சாலும் வாய் திறந்து சொல்ல பலருக்குக் கூச்சம். அந்தக் கூச்சம்தான் இதுல இருக்கறதுலயே பெரிய செலவு.

முதல் வகை: பழுது

முதல் ரெண்டு நாள் வேகத்தை வெச்சுத் தீர்ப்பு எழுதாதீங்க. அப்டேட் எல்லாம் பின்னாடி இறங்கிக்கிட்டே இருக்கும். சூடும் ஸ்லோவும் அப்ப சகஜம். மூணாவது நாள்ல இருந்து உங்க நிஜமான வேலையைப் போட்டுப் பாருங்க. எல்லா கீயும், எல்லா போர்ட்டும், கேமரா, மைக், வைஃபை, ஸ்க்ரீன்ல செத்த புள்ளி ஏதாவது இருக்கா, ரேமும் ப்ராசசரும் பில்லுல இருக்கிறதுதானா, சீரியல் நம்பர் ஒத்துப்போகுதா, கம்பெனி தளத்துல வாரண்டி எந்தத் தேதியில ஆரம்பிக்குது. எல்லாத்தையும் முதல் வாரத்துக்குள்ள முடிங்க. ஆன்லைன்ல வாங்கினா லேப்டாப்புக்குப் பெரும்பாலும் சில நாள்தான் அவகாசம், அதுவும் பழுதுன்னா மாத்தித் தர்றதுக்கு மட்டும். "பிடிக்கலை"ங்கிற காரணத்துக்காகத் திருப்பித் தர ஐரோப்பிய யூனியன்ல ஆன்லைன் வாங்குதலுக்கு 14 நாள் சட்ட உரிமை உண்டு. நம்ம ஊர்ல அப்படிப் பொதுவான உரிமை கிடையாது.

ஆனா பழுதுன்னா கதை வேற. 2019-ம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லுல சொன்ன காலத்துக்குள்ள, எதுவும் சொல்லலைன்னா 30 நாளுக்குள்ள, திரும்ப எடுத்துக்கிட்டுப் பணம் தர மறுக்குறது நியாயமற்ற வணிக நடைமுறை. "விற்ற பொருள் வாபஸ் இல்லை"ன்னு கவுண்டர்ல போர்டு தொங்குதேன்னு பழுதான பொருளோட பேசாம திரும்பி வராதீங்க. 2020-ல் வந்த மின்வணிக விதிகள் இன்னும் ஒரு படி மேல. பொருள் பழுதா இருந்தாலும் சரி, விளம்பரத்துல சொன்ன அம்சம் இல்லைன்னாலும் சரி, விற்பனையாளர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது.

புகாரை எப்பவும் எழுத்துல கொடுங்க. போன்ல பேசினது காத்துல போயிடும். மெயிலும் டிக்கெட் நம்பரும் நிக்கும். அசையலைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதுக்கும் அசையலைன்னா மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். சட்டப்படி நீங்க குடியிருக்குற ஊர், வேலை பார்க்குற ஊர் எதுலயும் வழக்குப் போடலாம். கம்பெனி பெங்களூர்ல இருந்தாலும் நீங்க அங்க ஓட வேண்டாம். விருதுநகர் மாவட்டத்துக்காரங்களுக்கு ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூர்லயே இருக்கு. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரைன்னா கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை, ஆன்லைன்லயும் தாக்கல் பண்ணலாம். பிரச்சினை ஆரம்பிச்சு 2 வருஷத்துக்குள்ள போடணும், அவ்வளவுதான்.

தீர்ப்பு வர மாசக்கணக்காகலாம், உண்மைதான். ஆனா பல தகராறு அந்த அளவுக்குப் போகாது. சட்டப் பிரிவோட ஒரு தெளிவான மெயில் போச்சுன்னாலே எதிர்ப்பக்கம் பேசுற தொனி மாறும்.

ரெண்டாவது வகை: பொருந்தாமை

மெஷின்ல குறை இல்லை, ஆனா நம்ம வேலைக்கு இழுக்க மாட்டேங்குது. இங்க கோபத்தைவிட கால்குலேட்டர் முக்கியம்.

முதல்ல, ரேம் கூட்ட முடியுமா, எஸ்எஸ்டி மாத்த முடியுமான்னு பாருங்க. சில மாடல்ல ரேம் போர்டுலயே ஒட்டியிருக்கும், அதுல ஒண்ணும் செய்ய முடியாது. இடம் இருந்தா, புது லேப்டாப் விலையில ஒரு சின்னப் பங்குல வேலை முடிஞ்சிடும். வாரண்டி பாதிக்குமான்னு சர்வீஸ் சென்டர்ல கேட்டுட்டு செய்ங்க.

அதுவும் முடியலைன்னா விற்கலாமா? உதாரணத்துக்கு, 65,000 ரூபாய் லேப்டாப், 12 மாச "நோ காஸ்ட்" இஎம்ஐ, மாசம் சுமார் 5,417. ரெண்டு மாசம் கழிச்சு 45,000-க்கு ஒருத்தர் கேட்கிறார்னு வெச்சுக்குவோம். பாக்கி 10 தவணை, 54,170. வித்த காசை அப்படியே கட்டினாலும் 9,170 கையில இருந்து போகணும். ரெண்டு மாசம் பயன்படுத்தினதுக்கு 20,000 ரூபாய், அதாவது மாசம் பத்தாயிரம் வாடகை! இதுக்கு மேல புதுசுக்கு இன்னொரு இஎம்ஐ.

அந்த "நோ காஸ்ட்"டும் சும்மா வர்றது இல்லை. பூஜ்ஜிய வட்டின்னு ஒண்ணு கிடையவே கிடையாதுன்னு 2013 செப்டம்பர்லயே ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டாச்சு. வட்டிக்குச் சமமான தொகையைக் கடைக்காரர் தள்ளுபடியா காட்டுவார். பேங்க் அதை வட்டியா உங்ககிட்ட வாங்கும். நம்ம உதாரணத்துல ஆண்டு வட்டி 15%-ன்னா வட்டி சுமார் 5,000. அதுக்கு 18% ஜிஎஸ்டி சுமார் 900, ப்ராசசிங் கட்டணம் தனி. இந்த ரெண்டும் உங்க பாக்கெட்ல இருந்துதான் போகும்.

அப்ப என்னதான் செய்றது? இந்தக் கேள்வியைக் கேளுங்க: "இந்த லேப்டாப் என்கிட்ட இல்லை, கையில 45,000 பணமா இருக்கு. இப்ப இதே லேப்டாப்பை 45,000-க்கு வாங்குவேனா?" ஆமான்னா வெச்சுக்கங்க. இல்லைன்னா வித்துடுங்க. 65,000 கொடுத்தோம்ங்கிறது இந்தக் கேள்விக்குள்ளயே வரக் கூடாது.

கஷ்டமா இருந்தா பிளவக்கல் அணையை நினைச்சுக்கங்க. வத்திராயிருப்பு பக்கம் பாசனத்துக்குத் தண்ணி திறக்குறப்போ, பேச்செல்லாம் இன்னைக்கு அணையில எத்தனை அடி நிக்குது, எத்தனை நாளைக்குத் தாங்கும்ங்கிறதுதான். போன வருஷம் மறுகால் போன தண்ணியைக் கணக்குல சேர்த்து யாரும் நாத்து நடுறது இல்லை.

மூணாவது வகை: மனசு ஆறாதது

மெஷின் நல்லா ஓடுது, வேலையும் நடக்குது. ஆனா பக்கத்து சீட்டுக்காரரோடது இன்னும் மெலிசா இருக்கு. இந்த ஏமாற்றம் லேப்டாப்ல இல்லை, ஒப்பீட்டுல இருக்கு.

டேனியல் கில்பர்ட், ஜேன் எபர்ட்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2002-ல் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. மாணவர்கள் தாங்களே எடுத்த போட்டோவுல ஒண்ணைத் தேர்ந்தெடுத்து வெச்சுக்கலாம். சிலருக்குப் பிறகு மாத்திக்கலாம்னு சலுகை, சிலருக்கு அது கிடையாது. மாத்த வாய்ப்பு இருந்தவங்களுக்குத்தான் தங்க போட்டோ கம்மியா பிடிச்சுது. கதவு திறந்தே இருந்தா மனசு உள்ள வந்து உட்காராது.

அதனால, திருப்பித் தர்ற காலம் முடியுற வரைக்கும் கறாரா சோதிங்க. முடிஞ்ச அன்னிக்கே முடிவெடுத்துக் கதவைச் சாத்துங்க. விலை ஏறி இறங்குறதைக் காட்டுற ஆப்பை எடுத்துடுங்க. அந்த மாடலோட ரிவ்யூ வீடியோ எதையும் பார்க்காதீங்க, நம்ம சேனல் வீடியோவையும் சேர்த்துத்தான் சொல்றேன். வாங்குறதுக்கு முன்னாடி ரிவ்யூ தகவல், வாங்கின பிறகு அது வெறும் அரிப்பு.

கூடவே ஒரு சின்னக் கணக்கு. 65,000 ரூபாய் லேப்டாப்பை அஞ்சு வருஷம் ஓட்டினா நாளைக்கு 36 ரூபாய்கூட ஆகாது. ரெண்டு டீ, ஒரு வடை. அதே லேப்டாப்பை ரெண்டு வருஷத்துல மாத்தினா நாளைக்கு 89 ரூபாய். நாலாயிரம் ரூபாய் ஆஃபரை விட்டுட்டோமேன்னு புலம்புறதைவிட, எத்தனை வருஷம் ஓட்டப் போறோம்ங்கிறதுதான் உண்மையான விலையைத் தீர்மானிக்குது.

கடைசியா, வீட்டுல சொல்லுங்க. "லேப்டாப்ல பழுது, புகார் கொடுத்திருக்கேன்"னு சொல்றது அவமானம் இல்லை. அரை கிலோ பால்கோவா கெட்டிருந்தா கடைக்குத் திரும்பப் போய்க் கேட்கத் தெரிஞ்ச ஊர் நம்ம ஊர். அறுபத்தஞ்சாயிரத்துக்கு வாய் மூடிக்கிட்டு இருக்கணுமா?

இன்னிக்கு ராத்திரி அஞ்சு நிமிஷம் ஒதுக்கி பில்லை எடுங்க. வாங்கின தேதி, திருப்பித் தர்ற கடைசித் தேதி, வாரண்டி முடியுற தேதி மூணையும் செல்லுல அலாரமா போட்டு வைங்க. உங்க ஏமாற்றம் மூணுல எந்த வகைன்னு ஒரு வரி எழுதுங்க. அதுக்கப்புறம் செலவு பண்ணலாமா வேண்டாமான்னு யோசிக்கலாம்.